பொட்டலேந்தல் கள்ளுக்கடை

பெல்காம்
10.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தங்கப்பாண்டி எழுதுவது. இங்கே நானும் ஜெயப்பிரியாவும் நன்றாக இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலிதான். பட்டாளத்துப் பென்ஷனைப் போல அதுவும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நீயோ, "சிலிண்டர் இன்னும் தீரலப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் கடைக்கட்டடத்தையும் பின்னால் இருக்கும் பனங்காட்டையும் மதுரைக்காரர் ஒருவர் கேட்கிறார். ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்குவதற்கு லாட்ஜ் கட்டப்போகிறாராம். கட்டடத்தை அவரே இடித்துக்கொள்வார். நம் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால் போதும். நீ அறுபத்திரண்டு வயதில் அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? கள்ளுக்கடை ஒன்று நம் பெயரில் இன்னும் நிற்க வேண்டுமா? இடிந்து போகட்டும் அக்கா.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. ஜெயப்பிரியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
தங்கப்பாண்டி


பொட்டலேந்தல்
28.6.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா முருகலட்சுமி எழுதிக்கொள்வது. நான் சுகம். காதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய். புதுமடம் பாக்கர் மாமா சித்திரை மாசம் மவுத்தாகிவிட்டார், உனக்குத் தெரிந்திருக்காது. எண்பத்தாறு வயது. கடைசிவரை கடலுக்குப் போன மனுஷன்.

கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி.

அந்தக் கட்டடத்தை நீ கள்ளுக்கடை என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நம் தாத்தா ராக்கப்பன் கடலில் எடுத்த பவளக்கல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, சுண்ணாம்பும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்துக் கட்டிய சுவர் அது. கூரை தாங்கும் பனங்கை ஒவ்வொன்றும் நம் காட்டு மரம். அந்தக் காலத்தில் ஒரு சாதிக்கு உள்ளே பெஞ்சு, ஒரு சாதிக்கு வெளியே மண்தரை என்றுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். தாத்தா பெஞ்சே போடவில்லை. "இங்கன எல்லாருக்கும் தரைதான். பிடிக்காதவுக வீட்டுல போயி மோரு குடிக்கட்டும்" என்றாராம். பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு மாசம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் மாசம் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

மதுவிலக்கு வந்தபோது அது உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஆனது. பிறகு ரேஷன் கடை. ஊரில் முதல் ஓட்டுப்பெட்டி வைத்தது அங்கேதான். தனுஷ்கோடியை விழுங்கிய புயலில் நம் ஊரில் கூரை பறக்காத கட்டடம் அது ஒன்றுதான். எண்பத்தொன்றில் கள்ளுக்குத் திரும்ப அனுமதி வந்ததும் நம் அய்யா வேலாண்டி மறுபடி கடை திறந்தார். பெஞ்சு போட்டது அவர்தான், எல்லாருக்கும் சேர்த்து.

இதை இடித்து லாட்ஜ் கட்ட வேண்டுமா? சாப்பிடாமல் கோபப்படாதே. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

அக்கா,
முருகலட்சுமி


பெல்காம்
15.7.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எண்ணெய் தேய்த்தேன், பரவாயில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உனக்குச் சளி ஏதும் இல்லையே?

நீ ஓட்டுப்பெட்டி வரைக்கும் எழுதினாய். எண்பத்தைந்தை மட்டும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்போது நான் ராமநாதபுரம் ஹாஸ்டலில் பிளஸ் டூ. ஒரு நாள் மெஸ்ஸில் ஒருவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஏலே, உங்கப்பன் கலப்படக் கள்ளு ஊத்தி ஒரு ஆளக் கொன்னுட்டாராம்ல." அவனை அடித்தேன். அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. விடிகாலையில் கடைக்குள்ளிருந்து வேட்டி போர்த்திய பிணத்தைத் தூக்கிப் போனதை மரம் ஏறப் போனவர் கண்ணால் பார்த்ததாக ஊரே பேசியது. அய்யாவிடமே கேட்டேன். "என் கடையில ஒரு ஆள் செத்தது நெசம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அதற்கப்புறம் நான் அந்த ஊரில் எத்தனை நாள் இருந்தேன் என்று உனக்கே தெரியும். பட்டாளத்தில் சேர்ந்தேன். தொண்ணூற்றொன்பதில் அய்யா காரியத்துக்கு வந்து, அன்று சாயங்காலமே ரயில் ஏறினேன். ஒரு மனுஷன் செத்த கட்டடத்தைப் பற்றி நீ இவ்வளவு பெருமையாக எழுதுவது எனக்குப் புரியவில்லை.

கையெழுத்துப் போடு அக்கா.

தங்கப்பாண்டி


பொட்டலேந்தல்
2.8.2024

தம்பிக்கு,

சளி இல்லை. ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. கடையில் நாலு ஓடு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னச்சாமியை மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே ஒரு ஆள் செத்தது உண்மை. குடித்துச் சாகவில்லை.

ஜெயப்பிரியாவுக்கு ஒரு கிலோ கருப்பட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்.

அக்கா


பெல்காம்
14.8.2024

அக்கா,

கருப்பட்டி வந்தது. எறும்பும் கூடவே வந்தது.

குடித்துச் சாகவில்லை என்றால் பிறகு எப்படிச் செத்தார்? யார் அவர்? நாற்பது வருஷம் கழித்து ஒரு வரி எழுதிவிட்டு ஓட்டைப் பற்றியும் கருப்பட்டியைப் பற்றியும் எழுதுகிறாயே! உனக்குத் தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை? உடனே பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கப்பாண்டி


பொட்டலேந்தல்
20.9.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

நீ உடனே போடச் சொன்னாய். நான் ஒரு மாசத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

நாலாவதாக எழுதலாம் என்று உட்கார்ந்த அன்றைக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். என்னவோ கேட்டாள். எனக்குக் காதில் ஏறவில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னேன். இப்படி எழுதினாள்: "கள்ளுக் கலயத்தில் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த அக்கா நீங்களா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் பெயர் தவமலர். நான் கடைசியாகப் பார்த்தபோது பதினோரு வயது.

கடைச் சாவியைக் கொடுத்தேன். உள்ளே போனவள் மேற்குச் சுவர் ஓரமாக நேராகப் போய் உட்கார்ந்து, சுவரைத் தொட்டபடி வெகு நேரம் இருந்தாள். நான் வெளியே நின்றேன்.

மறுநாள் புதுமடம் போய் பாக்கர் மாமா மகள் சபியாவைப் பார்த்தேன். மாமா இருக்கும்வரை ஒரு விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று அய்யா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மாமா போய்விட்டாலும் அவர் பிள்ளைகளிடம் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை. சபியா சிரித்தாள். "வாப்பா செஞ்சது திருட்டா அக்கா? தாராளமா சொல்லுங்க. நாங்களும் பெருமையாச் சொல்லிக்கிருவோம்ல" என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

ஆனாலும் இது முதலில் தவமலர் சொல்ல வேண்டிய கதை. உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். அவள் கடிதம் வந்ததும் தனியாக உட்கார்ந்து படி.

அக்கா,
முருகலட்சுமி


25.9.2024

மதிப்புக்குரிய தங்கப்பாண்டி அண்ணாவுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுவதற்கு மன்னிக்க வேணும். என் பெயர் தவமலர். சொந்த இடம் மன்னார்ப் பக்கம். இப்போது திருவண்ணாமலைப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறேன், தையல் வேலை.

1985இல் எங்கள் ஊரில் சண்டை வந்தபோது பத்தொன்பது பேர் கடற்கரையில் மூன்று நாள் ஒளிந்திருந்தோம். என் அப்பா செல்லத்துரைக்கு வயிற்றில் காயம். மீன் பிடிக்க வந்த ஒரு படகுக்காரர் எங்களைக் கண்டார். வலையைக் கடலிலேயே வெட்டி விட்டுவிட்டு எங்களை ஏற்றினார். அவர்தான் பாக்கர் ஐயா. விடியும் நேரம் இந்தக் கரையில் இறக்கினார். அக்கரைக்குப் போய் வந்தது தெரிந்தால் அவர் படகும் போகும், அவரும் உள்ளே போக வேணும். எங்களை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் உங்கள் தகப்பனாரிடம் கொண்டுவந்தார்.

உங்கள் தகப்பனார் ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்கு இறக்கிய கள்ளு முழுவதையும் மண்ணில் கொட்டினார். தரையைக் கழுவினார். நாலு பெஞ்சைச் சேர்த்து அப்பாவுக்குக் கட்டில் போட்டார். "இங்கன உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. கேட்டா நான் பதில் சொல்லிக்கிருதேன்" என்றார். குடிக்க வந்தவர்களைக் "கள்ளு கெட்டுப்போச்சு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர்கள் ஏசியது எங்களுக்கு உள்ளே கேட்கும். அக்கா கஞ்சியைக் கள்ளுக் கலயத்தில் ஊற்றித் தலையில் சுமந்து வருவா. பார்ப்பவர்கள் கள்ளு என்று நினைப்பார்கள். நான் பசி தீரக் குடித்த முதல் கஞ்சி அது. கொஞ்சம் புளித்த மணம் இருந்தது. அந்த மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

ஒரு கம்பவுண்டரைக் கூட்டிவந்து மருந்து கட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கூடக் கேட்டு வைத்தார். அப்பாதான் மறுத்தார். "என்னைக் கொண்டுபோனால் எல்லாரும் பிடிபடுவினம்" என்றார். ஏழாம் நாள் மேற்குச் சுவரோரம் அப்பா போய்விட்டார். உங்கள் தகப்பனார் தன் வேட்டியைப் போர்த்தி, பாக்கர் ஐயாவும் அவருமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் பனங்காட்டில் அடக்கம் செய்தார்கள். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. ஒரு பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் உங்கள் தகப்பனார்தான் செய்தார்.

பதினோராம் நாள் இரண்டு பேர், மூன்று பேராகப் பஸ் ஏற்றி மண்டபம் முகாமுக்கு அனுப்பினார். யார் கொண்டுவந்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொன்னார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.

இந்தச் சாவுக்காக ஊர் அவரைக் கொலைகாரர் என்று பேசியதை அக்கா சொல்லித்தான் போன வாரம் அறிந்தேன். எங்களுக்காக அந்தப் பேரைச் சுமந்திருக்கிறார். என் அம்மா இந்த ஆனியில் காலமானா. "அப்பா கிடக்கிற இடத்தில் ஒரு விளக்கு வை" என்று கேட்டிருந்தா. வைத்துவிட்டேன். அந்த மண்ணை இதுவரை விற்காமல் வைத்திருந்ததற்கு உங்கள் குடும்பத்துக்குக் கை கூப்புகிறேன்.

தங்கள் சகோதரி,
தவமலர்


பொட்டலேந்தல்
8.11.2024

தம்பிக்கு,

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜெயப்பிரியாவுக்குப் போன் பண்ணச் சொல்லி சின்னச்சாமி மகளிடம் கேட்டேன். நீ சுகமாக இருக்கிறாய், பேச்சுத்தான் குறைந்துவிட்டது என்று சொன்னாளாம். அது போதும் எனக்கு.

நீ எதை நினைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம். எனக்கு அப்போது காது நன்றாகக் கேட்டது. ஆனால் அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, இனியும் பேச மாட்டேன்.

இங்கே மழை நல்ல மழை. ஊருணி நிறைந்துவிட்டது.

அக்கா


பெல்காம்
12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தவமலரின் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீ எழுத வேண்டாம் என்றாய். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்றைக்கு நான் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது அய்யாவே தட்டு வைத்துச் சோறு போட்டார். மீன்குழம்பு. நான் கேட்டேன், அவர் ஒரு வரி சொன்னார், பிறகு குழம்பை ஊற்ற வந்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "கொலைகாரன் கையால சோறு திங்க மாட்டேன்" என்றேன். நீ அடுப்படியில் நின்றாய். அய்யா கரண்டியோடு அப்படியே நின்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருக்கலாம். பாக்கர் மாமாவைக் காட்டிக்கொடுக்காமல், எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். பதினெட்டு வயதுப் பயல் கோபத்தில் ஹாஸ்டலில் உளறிவிடுவான் என்று நினைத்திருப்பார். உளறியிருப்பேன். அதுவும் எனக்கு இப்போது தெரிகிறது.

பட்டாளத்தில் எனக்கு இரண்டு மெடல் கொடுத்தார்கள். இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது உயிரை உள்ளே வைத்துக்கொண்டு வாசலில் ஊரின் ஏச்சைக் கேட்டு நின்ற ஆளுக்கு யார் மெடல் கொடுத்தார்கள்? அவருக்குக் கிடைத்தது நான் சொன்ன சொல்தான்.

நான் போன பிறகு அய்யா என்ன செய்தார்? அழுதாரா? உண்மையை எழுது. என் மனசுக்காக எதையும் மாற்றி எழுதாதே.

தங்கப்பாண்டி


பொட்டலேந்தல்
20.12.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது. கேட்டாய், சொல்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

அய்யா அழவில்லை. நான்தான் அழுதேன். "அவன் பின்னாடி ஓடிப்போயி நெசத்தச் சொல்லிட்டு வாரேன்" என்று கிளம்பினேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். தள்ளிய தட்டைத் தன் பக்கம் இழுத்து அந்தச் சோற்றை அவரே சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"அழுகாத ஆத்தா. தப்புன்னு பட்டதும் பெத்தவன்னுகூடப் பாக்காம எந்திரிச்சுப் போறான் பாரு. கொலைகாரன் சோறு வேண்டாம்னு சொல்ற புள்ளையப் பெத்துருக்கேன்ல. ஊருல எம்புட்டுப் பேருக்கு அப்படி ஒரு புள்ள இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார் தம்பி. கண் மட்டும் கலங்கியிருந்தது, அதையும் மறைக்கவில்லை. அதற்கப்புறம் கடையை அவர் திறக்கவில்லை. அடுத்த வருஷம் உன்னைப் பட்டாளத்தில் எடுத்த செய்தி வந்ததும் உச்சிப்புளி கடைத்தெரு முழுக்க நடந்துபோய்ச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களிடமும் நின்று சொன்னார்.

இதை நான் உன்னிடம் சொல்லாமல் இருந்தது சத்தியத்துக்காக மட்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் நீ சொன்ன அந்தச் சொல் உன் மேலேயே திரும்பி விழும். அய்யாவுக்கு அது வலிக்கவில்லை. உனக்கு வலிக்குமே என்றுதான் பயந்தேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு.

ஒரு யோசனை. தையில் பதநீர் இறங்கும். கடையைச் சுண்ணாம்பு அடித்துத் திறந்து, பதநீரும் கஞ்சியும் விற்கலாம் என்று நானும் சபியாவும் பேசிக்கொண்டோம். தவமலரும் லீவு கேட்டு வந்து ஒரு மாசம் கூட இருக்கிறேன் என்கிறாள். பஞ்சாயத்தில் கேட்டேன், சம்மதம்தான். ஆனால் போர்டில் கள்ளுக்கடை என்ற சொல் இருக்கக் கூடாது, "அன்னை உணவகம்" மாதிரி நல்ல பேராக வையுங்கள் என்கிறார்கள். உன் பேரும் பட்டாவில் இருக்கிறது. நீ சொல்.

அக்கா,
முருகலட்சுமி


பெல்காம்
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மன்னிப்புக் கேட்காதே. உன் கடிதத்தைப் படித்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. என்னைப் பற்றி இத்தனை மேலான சொல்லை எந்தக் கர்னலும் சொன்னதில்லை.

மதுரைக்காரரிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போர்டில் இப்படி எழுது: "வேலாண்டி கள்ளுக்கடை." கீழே சின்னதாக "பதநீர், கஞ்சி கிடைக்கும்" என்று போடு. பஞ்சாயத்துக்காரர்கள் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு. தாத்தா தரையில் உட்கார வைத்த இடம், அய்யா பத்தொன்பது பேரை உட்கார வைத்த இடம். அதற்குப் பெயர் கள்ளுக்கடைதான், வேறு என்ன?

நானும் ஜெயப்பிரியாவும் பன்னிரண்டாம் தேதி காலையில் ராமநாதபுரத்தில் இறங்குகிறோம். சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடிக்காதே. நான் அடிப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது ஜெயப்பிரியா வீட்டில், எங்கள் அய்யா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்று சொல்லியிருந்தேன். ஊருக்கு அவளைக் கூட்டி வராததால் அவளும் நம்பிவிட்டாள். வருஷம் தவறாமல் செப்டம்பர் ஐந்தாம் தேதி, ஆசிரியர் தினம் என்று அய்யா படத்துக்கு மாலை போடுவாள். இத்தனை வருஷம் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று அவளை உட்கார வைத்து எல்லாக் கடிதங்களையும் படித்துக் காட்டினேன். தவமலர் கடிதம் முடிந்ததும் எழுந்து போய் அய்யா படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன்.

"இத்தன வருசமா தப்பான தேதியில மாலை போட வச்சிட்டீகளே" என்றாள். பிறகு, "சரியான தேதி எது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. அந்தப் படகு நம் கரைக்கு வந்தது எந்தத் தேதி என்று தவமலரிடம் கேட்டு எழுது. இங்கே ஒருத்தி புதுக் காலண்டரையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வேலாண்டி மகன்,
தங்கப்பாண்டி